பந்தாட்டப் பெருந்தகை புச்சி பாபு

நம் சங்கத்தின் ஆண்டு மலர்களைப் பெட்டியில் பூட்டிக் காத்து வரும் இல்லங்கள் கொச்சங்காடியில் பல உண்டு. அவற்றை எடுத்துப் புரட்டினால் வள்ளுவரைக் காணலாம், இளங்கோவடிகளைக் காணலாம், பாரதியாரும் சிதம்பரனாரும் ஆண்டு தவறாமல் வந்து அமர்ந்திருப்பதைக் காணலாம். ஆனால் பந்தும் மட்டையும் ஏந்திய ஒருவர் இம்மலரின் பக்கங்களில் இதுவரை அடியெடுத்து வைத்ததில்லை. இவ்வாண்டு அத்தகைய ஒருவரைப் பற்றி எழுத முற்பட்டபோது, பந்தாடியவருக்கு மலரில் இடமா என்று மூத்தோர் சிலர் முகம் சுளித்தனர். அவர்கள் கேட்டது தவறன்று. ஆயினும் சற்றே பொறுமையுடன் இதனைப் படித்து முடித்தபின் அவர்களே தீர்ப்புக் கூறட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

நாம் எழுதப் புகுந்தது, சென்னை மயிலாப்பூரில் லஸ் மாளிகை என்னும் பெருமனையில் வளர்ந்து, 1908-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், நாற்பதே வயதில் மறைந்த புச்சி பாபு நாயுடு அவர்களைப் பற்றி. மோதவரபு வேங்கட மகிபதி நாயுடு என்பது அவர் பெயர். ஊரார் வாயில் அது புச்சி பாபு என்று சுருங்கிற்று. தென்னாட்டுக் கிரிக்கெட்டின் தந்தை என்று பின்னாளில் அவரைப் போற்றியவர்களும் அந்தச் செல்லப் பெயராலேயே போற்றினர். பட்டங்களும் விருதுகளும் பெற்ற எத்தனையோ பேரை மறந்துவிட்ட சென்னை, இந்தச் செல்லப் பெயரை நூறு ஆண்டுகளுக்கு மேலாக மறவாமல் வைத்திருக்கிறது.

சென்னைப் பெருமகனாருக்கும் கொச்சிக் கரையில் வாழும் நமக்கும் என்ன தொடர்பு என்று இளைஞர் கேட்கலாம். அவர் வாழ்ந்த காலத்தில் நாம் இன்று நிற்கும் மட்டாஞ்சேரி கொச்சி மன்னரின் ஆட்சியில் இருந்தது. ஆனால் இங்கிருந்து காலார நடந்து செல்லும் தொலைவிலுள்ள ஃபோர்ட் கொச்சியோ பிரிட்டிஷ் கொச்சி என்ற பெயருடன் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்து, சென்னை மாகாணத்தின் ஒரு துண்டு நிலமாக விளங்கிற்று. ஆக, புச்சி பாபு வாழ்ந்த மாகாணத்தின் மேற்கு எல்லைகளுள் ஒன்று நம் தெருக்கோடிக்கு அப்பால்தான் தொடங்கிற்று. அங்குள்ள பரேடு மைதானத்தில் இன்றும் மாலை வேளைகளில் நம் பிள்ளைகள் பந்தாடுவதைக் காணலாம். மைதானம் வரை போக நேரமில்லாத சிறுவர்கள் சந்திலேயே தென்னை மட்டையைச் செதுக்கி ஆடுகின்றனர். மட்டை என்ற சொல்லை நாம் கிரிக்கெட்டுக்கு இரவல் கொடுத்தது எத்துணைப் பொருத்தம் என்று அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நமக்குத் தோன்றும்.

இனி அவர் வரலாற்றுக்கு வருவோம்.

புச்சி பாபு 1868-ஆம் ஆண்டு பிறந்தவர். அவருடைய தாய்வழிப் பாட்டனார் மோதவரபு தேர வேங்கடசாமி நாயுடு, பாரி கம்பெனியாரின் துபாஷியாக இருந்து பெருஞ்செல்வம் ஈட்டியவர். துபாஷி என்னும் சொல் இரு மொழி அறிந்தவன் என்று பொருள்படும். வெள்ளை வணிகருக்கும் நாட்டு வணிகருக்கும் இடையே நின்று பேச்சையும் பணத்தையும் கடத்தித் தந்த இவர்களே பழைய சென்னையின் பெருந்தனக்காரர்கள். சரக்குக் கடைகளும் தரகு மண்டிகளும் நிறைந்த மட்டாஞ்சேரி பஜார் தெருவை அறிந்த நம்மவர்க்கு இத்தொழிலின் இயல்பை விரித்துரைக்கத் தேவையில்லை. பாட்டனார் இவரைத் தம் வாரிசாக ஏற்று லஸ் மாளிகையில் வளர்த்தார். ஆங்கிலேயச் செவிலியரின் பராமரிப்பில் இவர் வளர்ந்ததாகக் கூறுவர். சேப்பாக்கத்தில் வெள்ளையர் ஆடும் கிரிக்கெட்டைச் சிறு பருவத்திலேயே கண்டு அதில் மனம் தோய்ந்தார்.

அன்றைய சேப்பாக்கம் எப்படி இருந்தது என்பதைச் சிறிது சொல்ல வேண்டும். சென்னைக் கிரிக்கெட் கிளப் 1846-இல் ஐரோப்பியரால் நிறுவப்பட்டது. 1860-களில் சேப்பாக்கத்தில் அதற்கு இடம் வாய்த்தது; ஆட்டக்காரர் தங்கி இளைப்பாறும் மண்டபமும் எழுந்தது. பச்சைப் பசேலென்ற புல்தரை, சுற்றிலும் நிழல் மரங்கள், கடலிலிருந்து வரும் மாலைக் காற்று. இவை யாவும் ஐரோப்பியருக்கே உரியவை. நம்மவர் அங்கே வண்டியோட்டியாகவோ, புல் வெட்டுபவராகவோ, குடிக்கக் கொண்டுவரும் பணியாளராகவோ நுழையலாம். உறுப்பினராக நுழைய இயலாது. வேலிக்கு வெளியே நின்று ஆட்டத்தை வேடிக்கை பார்ப்பதற்கு மட்டும் தடையில்லை.

வேடிக்கை பார்த்தவர்கள் ஆயிரம் பேர். பார்த்தபின், நாமும் ஏன் ஆடக் கூடாது என்று எண்ணியவர்கள் சிலர். எண்ணியதைச் செய்து காட்டக் கையில் பொருளும் நெஞ்சில் உறுதியும் ஒருங்கே வாய்த்தவர் புச்சி பாபு. 1888-இல், தமது இருபதாம் வயதில், இந்தியர்க்கென்று மெட்ராஸ் யுனைடெட் கிளப் என்னும் சங்கத்தை அவர் தோற்றுவித்தார். இருபது வயதில் நாம் என்ன செய்து கொண்டிருந்தோம் என்று நம்மை நாமே கேட்டுக் கொள்ள வேண்டாம். கேட்டால் மனம் சங்கடப்படும்.

அந்தச் சங்கத்துக்குக் கிடைத்த ஆடுகளம் எஸ்பிளனேடு மைதானத்தில் அமைந்தது. அந்த இடத்துக்கே ஒரு வரலாறு உண்டு. 1758-59-இல் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டுப் பின்வாங்கியபின், மறுமுறை எதிரி மறைந்து வர இடம் கொடுக்கலாகாது என்று கோட்டைக்கு வடக்கே நெருங்கியிருந்த நம்மவர் வீடுகளை ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினர். பீரங்கிக் குண்டு தடையின்றிப் பாய்வதற்காக ஒழிக்கப்பட்ட வெற்றிடமே எஸ்பிளனேடு. அந்த வெளியின் ஒரு புறத்தில் 1888-ஆம் ஆண்டிலேயே உயர்நீதிமன்றத்தின் செந்நிறக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1892-இல் அது திறக்கப்பட்டது. நம்மவர் வீடுகளை இழந்த அதே வெளியில், நூற்று முப்பது ஆண்டுகளுக்குப்பின் நம்மவர் பந்தாடத் தொடங்கினர். இதனைப் புச்சி பாபு எண்ணிப் பார்த்தே இடம் தேர்ந்தார் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் எண்ணிப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு.

கிளப்பைத் தொடங்குவது எளிது, நடத்துவதே அரிது. நம் சங்கத்தின் பொருளாளராக இருந்தவர்கள் யாவரும் இதற்குச் சான்று கூறுவர். கிரிக்கெட்டோ செலவு மிகுந்த ஆட்டம். மட்டை சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டும்; பந்தும் அவ்வாறே. காலுக்குக் கட்டும் பட்டைகள், கையுறைகள், வலைகள், வெள்ளை பிளானல் உடை என்று கணக்கு நீண்டுகொண்டே போகும். பள்ளிக்கூடத்து வாத்தியார் வேலையிலும் அலுவலகத்துக் குமாஸ்தா வேலையிலும் இருந்த இளைஞர் ஒரு மட்டையின் விலையைத் தம் மாதச் சம்பளத்தில் எங்ஙனம் ஒதுக்குவர்? புச்சி பாபு அக்கணக்கைத் தம் பெட்டியிலிருந்தே தீர்த்தார். ஆடத் தெரிந்தவனுக்கு மட்டை இல்லையெனில் மட்டை வந்தது. உடை இல்லையெனில் உடை வந்தது. லஸ் மாளிகையின் விரிந்த தோட்டத்தில் வலை கட்டிப் பயிற்சியும் நடந்தது. வீட்டு உடையும் கிளப்பு உடைமையும் அவருக்கு வேறு வேறாகத் தோன்றவில்லை போலும். இப்படிச் செலவிட்ட பெருமக்களைப் பற்றி அவர்கள் வீட்டுக் கணக்குப்பிள்ளைகள் என்ன நினைத்தார்களோ என்று நமக்கு ஒரு சிறு ஐயம் எழுவதுண்டு.

இங்கே நம்மவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளை பிளானல் உடையை வெள்ளையாகவே வைத்திருப்பது ஒரு தனிக்கலை. ஃபோர்ட் கொச்சி வெளிப் பகுதியில் உள்ள சலவைத் துறையில் தலைமுறை தலைமுறையாக உழைக்கும் தமிழ்க் குடும்பங்களை நாம் அறிவோம்; டச்சுக்காரர் காலத்தில் படை வீரரின் உடை வெளுக்கத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழியினர் அவர்கள். ஆட்டம் ஆடியவர் பெயர் ஏட்டில் இருக்கும்; கஞ்சியிட்டு உலர்த்தி மடித்தவர் பெயர் எந்த ஏட்டிலும் இராது. சென்னையிலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

மெல்ல மெல்ல மெட்ராஸ் யுனைடெட் கிளப்பின் அணி வலுப்பெற்றது. சேப்பாக்கத்து ஐரோப்பியர் இந்த அணியுடன் ஆடவும் இசைந்தனர். நம்மவர் சேப்பாக்கத்தின் புல்தரையில் கால் வைத்தனர். வெற்றி தோல்விகளை விட, அந்நாட்களில் நிகழ்ந்த வேறொன்றே சென்னைக் கிரிக்கெட்டின் வரலாற்றை எழுதியவர் யாவரும் மறவாமல் குறிப்பது. ஆட்டத்தின் இடையே நண்பகல் உணவு வேளை வரும். அதுவரை ஒரே களத்தில் ஒரே பந்தைத் துரத்திய இருபத்திரண்டு பேரும் இரண்டாகப் பிரிவர். ஐரோப்பியர் மண்டபத்துள் சென்று மேசையில் அமர்ந்து உண்பர். இந்திய ஆட்டக்காரர் மண்டபத்துள் நுழையலாகாது; மரத்தடியில் அமர்ந்து தாம் கொண்டு வந்ததை உண்பர்.

மரத்தடி நிழல் நல்லதுதான். மண்டபத்தைவிடக் காற்றும் அங்கே மிகுதியாக வீசியிருக்கும். ஆனால் அமரும் இடத்தை நாமே தேர்ந்தால் அது நிழல். பிறர் நமக்கென்று ஒதுக்கினால் அது வேறு. புச்சி பாபு செல்வர். அவர் வீட்டு விருந்துக்கு வர வெள்ளைத் துரைமார் தயங்கியிருக்க மாட்டார்கள். அவ்வாறிருந்தும் அவரும் அவர் அணியினரும் மரத்தடிக்கே போக வேண்டியிருந்தது. இந்த அவமதிப்பு அவர் நெஞ்சில் ஆறாத புண்ணாகத் தங்கிற்று. அவர் கோபங்கொண்டு ஆட்டத்தை விட்டு விலகவில்லை. விலகியிருந்தால் சேப்பாக்கத்தார் மகிழ்ந்தே இருப்பர். ஆட்டத்தைச் சிறப்பாக ஆடுவதும், ஆடுவோரைச் சிறப்பாக ஆக்குவதும், சமமானவர் என்று மறுக்க முடியாத நிலைக்கு வந்தபின் சமமான மரியாதையைக் கேட்பதும் அவர் கைக்கொண்ட வழி.

இது மெதுவான வழி. சரியான வழிதானா என்று இன்றைய இளைஞர் ஐயுறலாம்; நாமும் ஐயுற்றதுண்டு. தகுதியைக் காட்டிய பின்னரே மரியாதை என்பது, மரியாதை மறுப்பவனின் சட்டத்தையே நாமும் ஒப்புக்கொள்வது ஆகாதா? ஆகும் என்றே நமக்குப் படுகிறது. வேறோர் உண்மையையும் மறைக்கலாகாது. அதே காலத்தில் புனேயில் பல்வங்கர் பாலு என்னும் ஒரு மாபெரும் பந்து வீச்சாளர் வாழ்ந்தார். 1876-இல் பிறந்த அவர் தாழ்த்தப்பட்ட குலத்தவர் என்பதனால், அவருடன் ஓரணியில் ஆடிய நம் நாட்டு இந்துக்களே அவரை மண்டபத்துக்கு வெளியே நிற்க வைத்து, தனி மண் குவளையில் தேநீர் கொடுத்தனர். 1906-இல் பம்பாயில் இந்துக்கள் அணி ஐரோப்பியரைத் தோற்கடித்ததற்குப் பாலுவின் பந்துவீச்சே பெருங்காரணம். வெள்ளையர் மண்டபத்தின் வாயிலைப் பற்றிக் குமுறிய நம்மவருக்கு, தம் வீட்டு வாயில் கண்ணில் படவில்லை. புச்சி பாபுவைப் போற்றும்போது இதையும் சேர்த்து நினைப்பதே அவருக்கும் பாலுவுக்கும் செய்யும் நேர்மை.

பம்பாயில் இத்தகைய போட்டிகள் முன்பே தொடங்கிவிட்டன. பார்சிகள் 1886-இலும் 1888-இலும் சீமைக்கே சென்று ஆடி வந்தனர். பார்சிகளுக்கும் ஐரோப்பியருக்கும் ஆண்டுதோறும் போட்டி நடந்தது. 1907-இல் இந்துக்களும் அதில் சேர்ந்து மும்முனைப் போட்டி ஆயிற்று. சென்னை பின்தங்கி நின்றது. சென்னை மாகாணத்து இந்தியர் அனைவருக்குமாக ஓர் அணி திரண்டு, மாகாணத்து ஐரோப்பியர் அணியுடன், கிளப்புக்கும் கிளப்புக்கும் இடையிலான ஆட்டமாக அல்லாமல் இனத்துக்கும் இனத்துக்கும் இடையிலான சமநிலை ஆட்டமாகச் சேப்பாக்கத்தில் மோத வேண்டும் என்பது புச்சி பாபுவின் கனவு. ஐரோப்பியர் தரப்பில் பார்ட்ரிட்ஜ் என்னும் வழக்குரைஞர் இதற்கு உடன்பட்டு உழைத்தார். பேச்சு நடந்தது, இணக்கம் ஏற்பட்டது. 1908-ஆம் ஆண்டின் இறுதியில் முதல் மாகாணப் போட்டி என்று முடிவாயிற்று. இந்திய அணிக்குத் தலைமை ஏற்க வேண்டியவர் யார் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமே இல்லை.

அந்த 1908 எத்தகைய ஆண்டு என்பதை நம் சங்கத்துப் பிள்ளைகளுக்கு நினைவூட்ட வேண்டும். அவ்வாண்டு மார்ச்சு 12-இல் வ. உ. சிதம்பரனார் சிறைப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாய்ந்தன. ஜூலையில் சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனை. பாரதியார் சென்னையை விட்டுப் புதுச்சேரிக்குப் போகும்படி நேர்ந்ததும் அவ்வாண்டிலேயே. சுதேசிக் கப்பல் ஓட்டியதற்காக ஒருவர் கோவைச் சிறையில் செக்கிழுக்கிறார். அதே ஆண்டு இறுதியில் சென்னையில் வெள்ளையரும் நம்மவரும் வெள்ளுடை அணிந்து பந்தாட நாள் குறிக்கிறார்கள். இவ்விரண்டையும் ஒருங்கே நினைத்தால் மனம் தடுமாறுகிறது. புச்சி பாபு அரசியல் மேடை ஏறியவர் அல்லர். சிதம்பரனாரின் தியாகத்துடன் அவரை ஒப்பிடுவது பேதைமை. ஆயினும் வெள்ளையனை எதிர்த்து நின்று சமமாக மோதலாம் என்று சாதாரண மக்கள் கண்ணாரக் காண்பதற்கு அன்றைய சென்னையில் இடங்கள் மிகக் குறைவு. அவற்றுள் ஒன்றை அவர் உண்டாக்கினார்.

டிசம்பர்த் திங்கள் பிறந்தது. ஆட்டத்துக்குரிய ஏற்பாடுகள் நிறைவுற்றன. இருபது ஆண்டு உழைப்பின் பயன் கண்முன் நின்றது. அந்நிலையில், ஆட்டம் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, புச்சி பாபு காலமானார்.

இதனை எழுதும்போது நம் பேனா தயங்குகிறது. நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சாவு. அவரைக் கண்டவர் ஒருவரும் இன்று இல்லை. ஆயினும் இவ்விடத்துக்கு வரும்போதெல்லாம், நமக்கு நெருங்கிய ஒருவர் மகளின் திருமணத்துக்குப் பந்தல் நட்டுவிட்டு முகூர்த்தத்துக்கு முன் கண் மூடியது போன்ற துயரம் நெஞ்சை அடைக்கிறது. லஸ் மாளிகையில் கூடிய கூட்டத்தை நாம் மனக்கண்ணால் காண்கிறோம். அவர் வாங்கிக் கொடுத்த மட்டையை வீட்டில் வைத்திருந்த குமாஸ்தாக்கள், அவர் தோட்டத்து வலையில் பந்து வீசிப் பழகிய மாணவர்கள், வேலிக்கு வெளியே நின்று அவர் அடித்த பந்து எல்லைக்கு ஓடக் கண்டு ஆரவாரித்த கடைக்காரர்கள், இவர்களெல்லாம் உறவினர் அல்லர். தீட்டுக் காக்க வேண்டியவரும் அல்லர். பின் ஏன் அழுதனர்?

விளையாட்டு வீரன் ஒருவனுக்காக அவனை நேரில் பேசியும் அறியாத மக்கள் கண்ணீர் வடிப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். ஆஸ்திரேலியாவில் விக்டர் டிரம்பர் என்னும் மட்டை வீரர் 1915-இல் 37-ஆம் வயதில் சிறுநீரக நோயால் இறந்தபோது, உலகப் போரின் நடுவிலும் சிட்னி நகரத்து மக்கள் திரள்திரளாகத் தெருவில் நின்று அவருக்கு விடை கொடுத்தனர். அமெரிக்க நாட்டில் பேஸ்பால் என்று ஒரு பந்தாட்டம். அதில் நியூயார்க் அணிக்காக இடைவிடாது 2,130 ஆட்டங்கள் ஆடிய லூ கெரிக் என்பவர், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நோயால் 1939-இல் ஆட்டத்திலிருந்து விலகி, 1941 ஜூன் 2-இல் மறைந்தார். அவரும் அப்போது 37 வயதினரே. அவர் சட்டையில் இருந்த 4 என்னும் எண்ணை இனி எவரும் அணியலாகாது என்று அவர் அணியினர் வைத்துவிட்டனர். அந்த ஆட்டத்தில் அத்தகைய மரியாதை பெற்ற முதல் வீரர் அவர்தாம்.

அரசன் இறந்தால் ஆணையின்படி கடைகள் மூடுவர். விளையாட்டு வீரன் இறந்தால் ஆணை ஏதுமில்லை. ஆயினும் தொழிலாளியின் கை ஒரு கணம் நின்று போகிறது. அவன் நமக்காக ஆடினான் என்று நாம் நம்பியிருந்தோம். நம்மால் இயலாத ஒன்றை, நம் பெயரால், நம் கண்ணெதிரே அவன் செய்து காட்டினான். உறவின் முறை இதைவிட வேறு என்ன வேண்டும்?

சென்னைக்கு வருவோம். ஆட்டத்தை நிறுத்துவதா, நடத்துவதா? துக்க வீட்டில் அடுப்பு மூட்டலாகாது என்று வாழும் நம்மவர்க்கு இது எளிதில் விடை காணத்தக்க கேள்வியன்று. ஆனால் நிறுத்தினால் மீண்டும் எப்போது கூடுமென்று யாரால் உறுதி கூற முடியும்? ஒரு முறை தவறிய நாள் பத்து ஆண்டுகள் தவறிப் போவதை நாம் கண்டதில்லையா? ஆட்டம் நடந்தது. பி. சுப்பிரமணியம் என்பவர் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். புச்சி பாபு நடந்து வர வேண்டிய களத்தில் அவரின்றி நம்மவர் நடந்து வந்தனர். அன்று அங்கே யார் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்பது கிரிக்கெட்டுப் புள்ளிகளைக் காப்பவர்க்கு உரிய செய்தி. நமக்கு உரியது, துக்கம் ஆறுமுன்னரே அவர்கள் களம் இறங்கினார்கள் என்பது.

அவருக்கு அதைவிடச் சிறந்த இரங்கற் கூட்டம் வேறு இருந்திருக்க முடியாது. மறு ஆண்டு, 1909-இல், அவர் நினைவாகச் சென்னைக் கிளப்புகளுக்கிடையே ஒரு கிரிக்கெட்டுப் போட்டி தொடங்கப்பட்டது. புச்சி பாபு நினைவுப் போட்டி என்பது அதன் பெயர். சிலை எடுத்திருந்தால் காக்கைகள் அமர்ந்திருக்கும். போட்டி வைத்தமையால் ஆண்டுதோறும் புதிய இளைஞர் அவர் பெயரை உச்சரித்தனர்.

முதல் மாகாணப் போட்டியால் விளைந்த பயனும் வீண் போகவில்லை. இடையில் சில ஆண்டுகள் தடைப்பட்டாலும், 1915-16 முதல் இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் இடையே அப்போட்டி நிலைபெற்றது. பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் அது நடைபெறுவது வழக்கமாயிற்று. பொங்கல் மாட்ச் என்றே மக்கள் அழைத்தனர். கரும்பும் மஞ்சளும் வாங்கிய கையோடு சேப்பாக்கத்துக்கு நடந்தவர்கள் பல்லாயிரவர். மண்டபத்தின் கதவும் காலப்போக்கில் திறந்தது. நாடு விடுதலை பெற்றபின் இந்நாட்டில் ஐரோப்பியர் தொகை சுருங்கவே, 1951-52-உடன் அப்போட்டி முடிவுற்றது. முடிவுற்ற அந்த ஆண்டில், 1952 பிப்ரவரியில், அதே சேப்பாக்கத்தில்தான் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. இங்கிலாந்து அணி ஓர் இன்னிங்ஸும் 8 ஓட்டங்களும் பின்தங்கித் தோற்றது. வினூ மன்கட் இரு இன்னிங்ஸிலுமாக 12 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அந்த ஆட்டத்தின் இடையில் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் மறைந்த செய்தி வந்தது என்பதும் ஒரு விந்தை. மரத்தடியில் தம் சோற்றை அவிழ்த்து உண்டவர்களின் பேரப்பிள்ளைகள் அன்று மாடங்களில் அமர்ந்திருப்பர்.

அவருடைய மக்களைப் பற்றிச் சொல்லாமல் இதனை நிறுத்த மனம் வரவில்லை. வேங்கடராமானுஜுலு, பாலையா, இராமசாமி ஆகிய மைந்தர் மூவரும் கிரிக்கெட்டில் பெயர் பெற்றனர். இராமசாமி தாய்வழிப் பாட்டனார் குடும்பத்துக்குச் சுவீகாரம் சென்று கோட்டா இராமசாமி ஆனார். தந்தை மறைந்தபோது அவர் பன்னிரண்டு வயதுச் சிறுவர். லஸ் மாளிகையில் டென்னிஸும் கிரிக்கெட்டும் பழகிய அவர், 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடினார். பின்னர் 1936-இல், நாற்பது வயது நிறைந்தபின், இங்கிலாந்துக்குச் சென்ற இந்தியக் கிரிக்கெட் அணியில் இடம் பெற்று, மான்செஸ்டர் நகரில் தம் முதல் டெஸ்டில் 40, 60 என்று ஓட்டங்கள் குவித்தார். தந்தை மறைந்த வயதில் மைந்தர் நாட்டுக்காக மட்டை பிடித்தார் என்பதை எண்ணும்போது உள்ளம் சிலிர்க்கிறது. இரு டெஸ்டுகளே ஆடினார். நான்கு இன்னிங்ஸில் 170 ஓட்டங்கள். அதில் ஒருமுறை ஆட்டமிழக்காமல் நின்றார்.

அவருடைய முடிவு வேறு விதமான துயரம். 1985 அக்டோபரில், 89 வயதில், சென்னையில் வீட்டை விட்டு வெளியே சென்றவர் திரும்பவே இல்லை. எங்குச் சென்றார், என்ன ஆனார் என்பது வெளிப்படவில்லை. தந்தைக்கு நினைவுப் போட்டி இருக்கிறது. மைந்தருக்குத் திதி கொடுக்க நாளும் இல்லை.

புச்சி பாபு நினைவுப் போட்டி பல மாற்றங்களைக் கண்டது. சென்னைக் கிளப்புகளின் போட்டியாக இருந்தது, பிற்பாடு மாநிலக் கிரிக்கெட் சங்கத்தின் பொறுப்பில், நாட்டின் பல பகுதிகளிலிருந்து அணிகள் அழைக்கப்படும் அகில இந்தியப் போட்டியாக விரிந்தது. ரஞ்சிக் கோப்பைப் பருவம் தொடங்குமுன் தம்மைத் தாமே சோதித்துக் கொள்ள விரும்பும் அணிகள் இதற்கு ஆவலுடன் வந்தன. சில ஆண்டுகள் நடைபெறாதிருந்து, 2023-இல் மீண்டும் உயிர் பெற்றது. 2024-இல் கோவை, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் நத்தம் ஆகிய இடங்களில் ஆட்டங்கள் நடந்தன; இந்திய அணியில் ஆடிய பெரும் வீரர்களும் வந்து ஆடினர். செய்தித்தாளில் அப்போட்டியின் பெயரைப் பார்த்த நம் வீட்டுப் பிள்ளை ஒருவன், புச்சி பாபு என்பது எந்தக் கம்பெனி என்று கேட்டான். இக்கட்டுரை எழுதப்பட்டதற்கு உண்மையான காரணம் அந்தக் கேள்விதான். முதலிலேயே சொல்லக் கூச்சமாக இருந்தது.

கேரள மண்ணும் கிரிக்கெட்டுக்குப் புதிதன்று என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். தலைச்சேரியின் பழம்பெருமை ஒருபுறம் இருக்க, நமக்கு அண்மையிலுள்ள திருப்பூணித்துறையில் 1951-இல் கேளப்பன் தம்புரான் என்பவர் வகுத்த பூஜைப் போட்டி, குறிப்பிட்ட ஓவர்களுக்குள் ஆட்டத்தை முடிக்கும் முறையை உலகம் கைக்கொள்ளுமுன்னரே கைக்கொண்டது. 1998 ஏப்ரல் 1-இல் கொச்சி நேரு அரங்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை வென்ற ஒருநாள் ஆட்டத்தைக் காண நம் சங்கத்தார் சென்ற கதையை மூத்தோர் இன்றும் சுவையுடன் சொல்வர். மட்டை பிடிப்பதில் மன்னரான சச்சின் டெண்டுல்கர் அன்று பந்து வீசி ஐந்து விக்கெட்டுகளைச் சாய்த்தார்.

இனி ஓர் அறிவிப்பு. ஆண்டு விழாவை ஒட்டி நம் சங்கத்துச் சிறுவர்களுக்கும் அண்டைத் தெருச் சிறுவர்களுக்கும் ஃபோர்ட் கொச்சி மைதானத்தில் ஒரு கிரிக்கெட் ஆட்டம் நடத்தத் தீர்மானித்திருக்கிறோம். மட்டையில்லாத பிள்ளைகளுக்குச் சங்கமே மட்டை வழங்கும், பொருளாளர் இசைந்துவிட்டார். நண்பகலில் புளிச்சோறும் தயிர்ச்சோறும் தாய்மார்கள் அன்புடன் அனுப்பி வைக்க வேண்டுகிறோம். இரு அணியாருக்கும், நடுவருக்கும், புல் வெட்டித் தரும் தோழருக்கும் ஒரே பந்தலில் இலை போடப்படும்.